வைகாசிக்கும் தைக்கும் நடுவில்

கேள்வி: எனக்கு வயது 32. ஒரு பெண்ணை 6 வருடம் காதலித்தேன். "உங்க வீட்டுல பேசுங்க" என்று கடைசி ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். தங்கை கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். வைகாசியில் அதுவும் முடிந்தது. பிறகு அவள் அழைத்தபோது போனை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். அடுத்த தையில் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டு வருடம் ஓடிவிட்டது. இன்றும் ராத்திரி 11 மணிக்கு மேல், ஒரு பெண் பெயரில் தொடங்கிய கணக்கு வழியாக அவள் இன்ஸ்டாகிராமைப் பார்க்கிறேன். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினால் மனசு ஆறும் என்று தோன்றுகிறது. அனுப்பலாமா? வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள்.
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: அனுப்பாதீர்கள்.

உங்கள் கடிதம் போய்ச் சேரும் வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தபாலை யார் பிரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வாட்ஸ்அப் என்றால் முதல் இரண்டு வரி பூட்டிய திரையிலேயே தெரியும். "யாரு இது?" என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல. உங்கள் மனசு ஆறுவதற்கான செலவை இரண்டாவது முறையும் அவர் தலையில் கட்டுகிறீர்கள். மன்னிப்பா, மனுவா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: எழுதி வைத்திருப்பதில் "நான்" என்று தொடங்கும் வாக்கியங்களை எல்லாம் அடித்துவிட்டு, மிச்சம் என்ன என்று படியுங்கள்.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் சொன்ன மாதக் கணக்கு. தங்கை கல்யாணம் வைகாசியில். அவர் கல்யாணம் தையில். நடுவில் 8 மாதம். அந்த 8 மாதமும் உங்கள் வாயைக் கட்டிப்போட்டது தங்கை கல்யாணம் இல்லை. அப்பா மீதுள்ள பயமா, சாதியா, வேலையா, இவர் எங்கே போய்விடப் போகிறார் என்ற தைரியமா? காரணத்தை நீங்கள் எழுதவில்லை. நானும் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் ராத்திரி 11 மணிக்கு உங்களை எழுப்பி உட்காரவைப்பது அதுதான். அவரை இழந்த வருத்தம் ஒன்று, எடுக்காத போனுக்கான குற்ற உணர்வு இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் காதல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

செய்ததற்கான வருத்தம் சீக்கிரம் தணிகிறது, செய்யாமல் விட்டதற்கான வருத்தம்தான் வருடக்கணக்கில் நீள்கிறது என்று கிலோவிச், மெட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1995இல் எழுதினார்கள். காரணம் எளிது. நடந்த கல்யாணத்தில் இஎம்ஐ உண்டு, மாமியார் உண்டு, "உப்பு ஜாஸ்தி" என்ற சண்டை உண்டு. நடக்காத கல்யாணத்தில் இதெல்லாம் கிடையாது. அதோடு போட்டி போட்டு எந்தப் பெண்ணாலும் ஜெயிக்க முடியாது. ஏன், அவரே திரும்பி வந்தாலும் முடியாது.

இனி இன்ஸ்டாகிராம். பிரிந்தவரின் ஃபேஸ்புக்கைத் தொடர்ந்து நோட்டம் விடுகிறவர்களுக்கு வேதனையும் ஏக்கமும் கூடுதல் என்று 464 பேரிடம் நடத்திய ஆய்வில் உளவியலாளர் தாரா மார்ஷல் 2012இல் கண்டார். பார்ப்பதால் வேதனையா, வேதனையால் பார்க்கிறார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. உங்களுக்கு இரண்டும்தான். தவிர, ஸ்டோரி பார்த்தவர் பட்டியலில் அந்தப் பொய்ப் பெயர் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு பின்தொடர்தல் குற்றத்தில் சேர்க்கிறது. முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. உங்கள் வழக்கு அதில் வருமா என்பதை வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும், அந்த வாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கணக்கைத் தற்காலிகமாக முடக்கினால் போதாது, நிரந்தரமாக நீக்கக் கொடுங்கள். கொடுத்த பிறகும் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் உள்ளே நுழைந்து நீக்கத்தை ரத்து செய்துவிட முடியும். பலரும் தோற்பது இங்கேதான், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். அதனால் போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். "அலாரம் வேண்டுமே" என்பீர்கள். கடையில் அலாரம் கடிகாரம் விற்கிறார்கள்.

படங்களை ஆவேசத்தில் அழிக்க வேண்டாம். கூகுள் போட்டோஸில் காப்பெடுத்த படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், மூன்றாம் நாளே நீங்கள் மீட்டு எடுப்பீர்கள். அதற்குப் பதில், பழைய நினைவுகளைக் காட்டும் அமைப்பில் அவர் முகத்தை மறைத்துவிடுங்கள். "4 வருடங்களுக்கு முன் இதே நாளில்" என்று காலை காபியோடு வந்து நிற்காது.

மனதில் உள்ளதை எழுதிக் கொட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். உளவியலாளர் பென்னிபேக்கர் 1986இல் தொடங்கி வைத்த முறை அது: 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள். எல்லோருக்கும் அது ஒத்துவராது. புதிதாகப் பிரிந்த தம்பதியரிடம் ஸ்பாரா என்ற உளவியலாளரின் குழு 2013இல் சோதித்தபோது, ஏன், எதற்கு என்று துருவிக்கொண்டே இருக்கிற சுபாவக்காரர்களுக்கு, மனதைக் கொட்டி எழுதியதைவிட அன்றாட வேலைகளைச் சும்மா பட்டியலாக எழுதியதுதான் நல்லது செய்தது. இரண்டு வருடமாகத் துருவுகிறீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 8 மாதத்தில் அவர் எத்தனை முறை அழைத்தார், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் ஒரே ஒரு தாளில், ஒரே ஒரு முறை எழுதுங்கள். வர்ணனை கூடாது. மற்ற ராத்திரிகளில் நாளைக்கு என்ன வேலை என்று எழுதிவிட்டுத் தூங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ பிடிக்கவில்லை, சாவைப் பற்றிய நினைப்பு வருகிறது என்றால் இந்தப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

கடைசியாக, உங்கள் கேள்வியின் கடைசி வரி. "வீட்டில் பெண் பார்க்கிறார்கள்" என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ராத்திரி 11 மணிக்கு வேறொருவர் படத்தைப் பார்க்கப் போகிறீர்களா? இன்னொரு பெண்ணையும் காத்திருக்க வைக்கப் போகிறீர்கள். அம்மாவிடம் "இப்போ வேணாம்மா" என்று மழுப்பாமல் மாதம் குறித்துச் சொல்லுங்கள்: "ஆவணி வரைக்கும் ஜாதகம் வாங்க வேண்டாம்." அந்த மாதம் வந்ததும், பார்க்கலாம், வேண்டாம் என்று ஏதாவது ஒன்றை நீங்களே போய்ச் சொல்லுங்கள். அப்படிப் பார்க்கும் பெண்ணிடம், நிச்சயத்துக்கு முன்பே, ஒருத்தரைக் காதலித்தேன், என் தப்பால் முறிந்தது என்று இரண்டு வரி சொன்னால் போதும். பெயர், படம், விவரம் எதுவும் அவருக்கு வேண்டியதில்லை.

தரகர் நடுவில் அழைப்பார். போனை எடுங்கள்.