48 லட்சமா, 24 லட்சமா?

வணக்கம் ஐயா,

ராயக்கோட்டையை அடுத்த ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா உழைத்து வாங்கிய 2 ஏக்கர், ஓசூர் சாலையை ஒட்டி இருந்தது. தக்காளி, சாமந்தி போடுவோம். 2016-ல் அப்பா தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. போன வருடம் ஏக்கர் 48 லட்சத்துக்குக் கேட்டு வந்தார்கள், கொடுத்துவிட்டோம். அண்ணனும் நானும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டோம். வாரிசுச் சான்றில் அம்மா, அண்ணன், அக்கா, நான் என்று நான்கு பெயர் இருந்ததால் அக்காவும் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒன்றரை லட்சம் போட்டு அக்காவுக்கு 3 லட்சமும் ஒரு பட்டுப்புடவையும் கொடுத்தோம். கல்யாணத்தின்போதே அப்பா 15 பவுன் போட்டிருந்தார். அம்மாவுக்கு 64 வயது. எங்களோடுதான் இருக்கிறார், தனியாக எதுவும் கொடுக்கவில்லை.

என் பங்கில் கார் வாங்க ஒன்பதரை லட்சம் ஆனது. அடகில் இருந்த மனைவியின் நகையை 2 லட்சம் கட்டி மீட்டேன். சித்தப்பா மகன் போர் போட வேண்டும் என்று கேட்டான், 4 லட்சம் கொடுத்தேன். மீதி 31 லட்சம் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. ரெண்டு வட்டிக்கு வாங்கிய பழைய கடன் 3 லட்சம் இன்னும் இருக்கிறது. தெரிந்தவர், நெருக்கவில்லை.

பணம் வந்து 14 மாதம் ஆகிறது. அக்கா பொங்கலுக்கு வரவில்லை. அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்கு 21 தட்டு வரிசையும் ஒரு பவுனும் கொண்டுபோனோம். அக்கா எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொண்டு, பந்தியில் என் பக்கத்தில் வந்து, "இதுவும் கணக்குல சேருமாடா?" என்று கேட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்பு 500 எழுதிய வீடுகளுக்கு இப்போது 5,000 மொய் எழுதுகிறேன். ஊர்க்காரர்கள் முன்னைவிடத் தள்ளித்தான் நிற்கிறார்கள். காசு வந்தால் நிம்மதி போகும் என்பது உண்மைதானா? மீதியை என்ன செய்யட்டும்?

செ., கிருஷ்ணகிரி மாவட்டம்

*

அன்புள்ள செ.,

காசு வந்தால் நிம்மதி போகும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காசு இல்லாமல் நிம்மதி போவதைத்தான் நம் பக்கத்து ஊர்களில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் செய்த ஆய்வு 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கரும்பு வெட்டிப் பணம் கைக்கு வருவதற்கு முன்னும் வந்த பின்னும் அதே ஆட்களுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். பணம் வருவதற்கு முன்னால் எல்லாம் தடுமாறியது. அப்போது நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், வந்த பின் 4 பேர். உங்கள் மனைவி நகை மீண்டுவந்த அன்று வீட்டில் வந்த நிம்மதி பொய்யில்லை.

"லாட்டரி அடித்தவன் கடைசியில் பழைய நிலைக்கே வருவான்" என்று மேடைகளில் சொல்வார்கள். 1978-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஆய்விலிருந்து பரவிய பேச்சு அது. அதில் கேட்கப்பட்ட லாட்டரிக்காரர்கள் மொத்தமே 22 பேர். ஸ்வீடனில் பெரிய பரிசு விழுந்து 5 முதல் 22 ஆண்டு கழிந்தவர்களை ஆயிரக்கணக்கில் விசாரித்த ஆய்வு 2020-ல் வெளியானது. வாழ்க்கையைப் பற்றிய மனநிறைவு அவர்களிடம் பத்தாண்டுக்கு மேலும் கூடுதலாகவே நின்றிருக்கிறது. ஆகவே பணத்தைத் திட்டுவதை விட்டுவிட்டு உங்கள் கடிதத்திலுள்ள எண்களைப் பார்ப்போம். தொல்லை அங்கேதான் இருக்கிறது.

நிலம் அப்பாவின் சுயசம்பாத்தியம். உயில் இல்லை. அப்படியானால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பெண்ணுக்கு 1989 மார்ச் 25-க்கு முன் திருமணம் ஆனதா, 2005 செப்டம்பர் 9 எப்படி என்றெல்லாம் நம் ஊர்களில் வாதாடுகிறார்களே, அந்தத் தேதிகள் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு தந்த சட்டத் திருத்தங்களுக்கு உரியவை. அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததற்கு அவை பொருந்தாது. கல்யாணத்தில் போட்ட 15 பவுனையும் இதில் கழிக்க முடியாது. அது அப்பா உயிரோடு இருந்தபோது மனமுவந்து செய்தது. உங்களைப் படிக்கவைத்ததையும் அண்ணன் கல்யாணச் செலவையும் யாரும் கழிக்கவில்லை, இல்லையா?

96 லட்சத்தை நான்கால் வகுத்தால் ஆளுக்கு 24 லட்சம். கிரயப் பத்திரத்தில் நான்கு பேரும் விற்பவர்களாகக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள், வந்த பணமும் நான்கு பேருடையது. அக்காவுக்கு 24-ல் 3 போயிருக்கிறது, 21 பாக்கி. உங்கள் பாதி பத்தரை லட்சம். அம்மாவுக்கு 24 முழுதும் பாக்கி, உங்கள் பாதி 12. இரண்டையும் 31-லிருந்து எடுத்தால் எட்டரை மிஞ்சும். ரெண்டு வட்டிக் கடன் 3-ஐ அடைத்தால் ஐந்தரை. கார் ஒன்பதரை, நகை 2, பங்காளிக்கு 4, கடன் 3, கையில் ஐந்தரை: கூட்டிப் பாருங்கள், சரியாக 24 வருகிறது. கடனையும் சேர்த்தால் உங்கள் பங்கில் முக்கால்வாசி போய்விட்டது. கணக்கில் கிடக்கும் 31-ல் இருபத்திரண்டரை லட்சம் அக்காவுடையதும் அம்மாவுடையதும்.

பந்தியில் சோறு இறங்காததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். 21 தட்டில் அக்காவுக்கு எதைக் கொண்டுபோனாலும், அக்காவின் பணத்திலேயே வாங்கிய வரிசையாகத்தான் அது இருந்திருக்கிறது. அக்காவுக்கு அது தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணன் தன் பாதியைத் தருவாரா என்று காத்திருக்க வேண்டாம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் காரியம் நின்றுபோகிறது. "அவர் கொடுத்தால் நானும் கொடுக்கிறேன்" என்று இருவரும் உட்கார்ந்திருப்பார்கள், அக்கா ஐம்பதைத் தாண்டிவிடுவார். அண்ணனிடம் ஒரு முறை நேரில் சொல்லுங்கள், இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், ஒத்துக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் உங்கள் பத்தரை லட்சத்தை அக்காவின் சொந்தக் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். மாமா கணக்குக்கு வேண்டாம். ரொக்கமும் வேண்டாம். உடன்பிறந்தவர்களுக்குள் கைமாறும் தொகைக்கு, எவ்வளவு ஆனாலும், வாங்குகிறவருக்கு வருமான வரி இல்லை. பதிலுக்கு விடுதலைப் பத்திரம், "இனி பாத்தியதை இல்லை" என்று ஒரு கையெழுத்து, எதுவும் கேட்காதீர்கள். நிலமே போய்விட்டது, விடுதலை எழுத என்ன இருக்கிறது? கேட்டால், பணம் மறுபடியும் கையெழுத்துக்கான கூலி ஆகிவிடும்.

அம்மாவின் 12 லட்சத்துக்குத் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பொருத்தமானது. 60 வயது கடந்தவர்கள் 30 லட்சம் வரை போடலாம், காலம் 5 ஆண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும். ஆண்டுக்கு 8.2 சதவீதம் என்று வைத்தால் 12 லட்சத்துக்கு ஒவ்வொரு காலாண்டும் 24,600 ரூபாய். வட்டி விழும் சேமிப்புக் கணக்கு அம்மாவின் தனிப் பெயரில் இருக்கட்டும், வங்கிக் குறுஞ்செய்தி அவர் போனுக்கே வரட்டும், ஏடிஎம் அட்டை அவர் சுருக்குப்பையில் இருக்கட்டும். "எங்களோடுதான் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பேத்திக்கு வளையல் வாங்க மகனிடம் கை நீட்டுவதும், தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் ஒரு பெண்ணுக்கு ஒன்றல்ல. மருமகளோடு அவருக்குள்ள உறவும் இதனால் இலகுவாகும்.

அடுத்தது அந்த 3 லட்சம் கடன். ரெண்டு வட்டி என்றால் மாதம் 6,000, வருடத்துக்கு 24 சதவீதம். சேமிப்புக் கணக்கு ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் தருகிறது என்று வைத்தால், உங்கள் 31 லட்சம் முழுதும் சேர்ந்து ஈட்டுவது மாதம் 6,500 கூட இல்லை. 14 மாதத்தில் வட்டியாக மட்டும் 84,000 போயிருக்கிறது. நாளைக்கே அடையுங்கள். அசலைக் கொடுக்கும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த புரோநோட்டைக் கையில் திரும்ப வாங்கிக் கிழித்துவிட வேண்டும். "அப்புறம் தேடித் தருகிறேன்" என்று அவர் சொன்னால் பணம் முழுதும் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு ரசீது எழுதி வாங்குங்கள். தெரிந்தவர்தான், நல்லவராகவே இருக்கலாம். அவர் காலத்துக்குப் பின் அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்பது அவருக்கே தெரியாது.

சித்தப்பா மகனுக்குக் கொடுத்த 4 லட்சம் கடனா, உதவியா? இதைக் கொடுத்த அன்றே முடிவு செய்திருக்க வேண்டும். முடிவு செய்யாததால்தான் அவன் தோட்டத்தில் புது மோட்டார் ஓடும்போது உங்களுக்குக் கண் உறுத்தும், உங்களைச் சந்தையில் பார்த்தால் அவன் வேறு வழியாகப் போவான். கடன்தான் என்றால் இப்போதே ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிப் புரோநோட்டு எழுதி வாங்கலாம். மூன்று வருடம்தான் அதற்கு ஆயுள். அதற்குள் ஒரு தொகை கொடுத்து, பின்பக்கத்தில் தேதியும் தொகையும் எழுதி அவன் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம். மாதத் தவணை அவனுக்குச் சரிவராது. தக்காளி விலை 5 ரூபாய்க்கும் வரும், 2023 ஜூலையில் போனதுபோல் 100 ரூபாயைத் தாண்டியும் போகும். மாந்தோப்பு வைத்திருந்தால் பெங்களூரா காய் இறங்கும் ஆனி, ஆடியில் வருடத்துக்கு ஒரு லட்சம், நான்கு வருடத்தில் முடியும் என்று பேசிக்கொள்ளுங்கள். நான்கு வருடம் ஓடும் என்பதால் ஒவ்வொரு முறையும் நோட்டின் பின்பக்கம் எழுதியாக வேண்டும். இனி யாருக்குக் கொடுத்தாலும் வங்கி வழியாகவே கொடுங்கள். இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே என்றாலொழிய, 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கக் கடனாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.

ஜாமீன் கையெழுத்துக் கேட்டும் இனி வருவார்கள். கடன் வாங்கியவரை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரரிடமே வங்கி வசூலிக்கலாம், சட்டம் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. தாங்க முடிகிற தொகையைப் பணமாகவே கொடுத்துவிடுவது ஜாமீனைவிட நல்லது.

ஊர் தள்ளி நிற்பதைப் பற்றி. நெதர்லாந்தில் அஞ்சல் குறியீட்டு லாட்டரி என்று ஒன்று உண்டு. ஒரு தெருவுக்கே பரிசு விழும், சீட்டு வாங்கிய வீட்டுக்குப் பணமும் ஒருவருக்கு பிஎம்டபிள்யூ காரும் கிடைக்கும். சீட்டு வாங்காத பக்கத்து வீட்டுக்காரர்களும் அதன் பின் கார் வாங்கியதை 2011-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கனடாவில், ஒருவருக்கு விழுந்த லாட்டரித் தொகை பெரிதாகப் பெரிதாக அக்கம்பக்கத்தில் திவாலாகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். உங்கள் வாசலில் நிற்கும் கார் எதிர்வீட்டுக்காரருக்கு எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. வாங்கியாயிற்று, விற்கச் சொல்லவில்லை. ராத்திரியில் பிரசவத்துக்குக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வீட்டுக்கு அது போகட்டும்.

மொய்யில்தான் நீங்கள் அறியாமல் பெரிய தவறு செய்கிறீர்கள். மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய பணம். 500 எழுதிய வீட்டுக்கு அவர்கள் 600, 700 என்று சற்றுக் கூட்டிச் செய்வார்கள். நீங்கள் 5,000 எழுதிய நொடியில் அந்தக் குடும்பத்தின் தலையில் 5,000-க்கு மேல் கடன் ஏற்றிவிட்டீர்கள். உங்கள் வீட்டு விசேஷம் வரும்போது அதைப் புரட்ட முடியாதவர் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "ஊர்ல இருக்க மாட்டேங்க" என்பார். அவர்கள் தள்ளி நிற்பது இதனால்தான், பொறாமை என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் மொய் நோட்டை எடுத்து, ஒவ்வொரு வீடும் கடைசியாக உங்களுக்கு என்ன எழுதியது என்று பார்த்து, அதற்கு நூறோ இருநூறோ கூட்டி எழுதுங்கள். கூடுதலாகச் செய்ய மனமிருந்தால் நோட்டில் ஏறாத வகையில் செய்யுங்கள்: முதல் நாளே போய் இரண்டு மூட்டை அரிசி இறக்கிவிட்டு வரலாம், பந்தியில் இலை போட்டுப் பரிமாறலாம். நம் பக்கத்தில் பந்தியில் பரிமாறுகிறவனை யாரும் பணக்காரன் என்று தள்ளி வைத்ததில்லை. ஏற்கெனவே 5,000 எழுதிய வீடுகளில், வயதில் மூத்தவரிடம் "எனக்கு 500 மட்டும் செய்யுங்க, மிச்சம் பொண்ணுக்குன்னு குடுத்தது" என்று காதோடு சொல்லிவிடுங்கள்.

மிஞ்சும் ஐந்தரை லட்சத்துக்குப் பெரிய யோசனை வேண்டியதில்லை. ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஆகவே இரண்டு வங்கிகளில் பிரித்து வைப்புநிதியாகப் போடுங்கள். மாதம் 5 சதவீதம் தருகிறேன் என்று யார் வந்தாலும், சொந்தக்காரரே அழைத்து வந்தாலும், தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அக்காவுக்குப் பணம் அனுப்பிய பிறகு உடனே போன் செய்யாதீர்கள். குறுஞ்செய்தி போய்ச் சேரும், அவராகப் பார்க்கட்டும். இரண்டு நாள் கழித்துத் தட்டு, பழம் எதுவும் இல்லாமல், அம்மாவை மட்டும் அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். அக்கா என்ன சொன்னாலும், திட்டினாலும், சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.