மகள்தான் ஒரே ஆறுதல்

மதிப்புக்குரிய மேடத்துக்கு,

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். வயது 42. ராத்திரி தூக்கமே இல்லை. நெஞ்செரிச்சல், பின்மண்டையில் வலி. ஸ்கேன், இசிஜி எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லாமலா வலிக்கும்?

குறுவை நெல் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருக்கிறோம். ஐப்பசி மழை விடவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, காய வைத்துக் கொடு என்கிறார்கள். வெயிலே இல்லாமல் எங்கே காய வைப்பது? வீட்டுக்காரர் படுதாவை மூடி, திறந்து, மறுபடி மூடியே ஓய்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் வாயே திறப்பதில்லை. மாமியார் போன வருஷத்துச் சண்டையை இன்னும் சொல்லிக்காட்டுகிறார். கொழுந்தனார் சிங்கப்பூரில் இருந்துகொண்டு குத்தகைக் கணக்குக் கேட்கிறார். இவரோ பேசுவதே இல்லை.

பிளஸ் டூ படிக்கும் மகள்தான் ஒரே ஆறுதல். நடுராத்திரியில் எழுப்பினாலும் உட்கார்ந்து கேட்பாள். சங்கிலியை அடகு வைத்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவிடம் மூச்சு விடமாட்டாள். தீபாவளிக்குத் துணி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், அவ்வளவு பொறுப்பு. இப்போதெல்லாம் காலையில் வயிறு வலிக்கிறது என்று அடிக்கடி பள்ளிக்கூடம் போவதில்லை, அது வேறு விஷயம்.

நான் தூங்க வேண்டும், இவர் பேச வேண்டும். மாமியாரை எப்படிச் சமாளிப்பது? வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி

பதில்:

சகோதரி, மாமியாரும் கொழுந்தனாரும் கொஞ்சம் காத்திருக்கட்டும். வேறு விஷயம் என்று தள்ளினீர்களே, எனக்கு அதுதான் முதல் விஷயம்.

உங்கள் வலி பொய்யில்லை. ராத்திரியானால் உடம்பில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைய வேண்டும். மழைச் சத்தத்துக்கே காதைக் கொடுத்துப் படுத்திருந்தால் அது சரியாகக் குறையாது. தூக்கம் கெடும், கழுத்துத் தசை இறுகும், கொஞ்சம் அமிலம் ஏறினாலே நெஞ்சு எரியும். உங்கள் உடம்புக்கு நடப்பது மகள் உடம்புக்கும் நடக்கும். அந்த அடகு ரகசியம் தினமும் அவள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்றே நினைக்கிறேன்.

கசந்தாலும் சொல்கிறேன். துணி வேண்டாம் என்றதைப் பொறுப்பு என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வயசில் எந்தப் பெண்ணும் ஆசைப்பட்டு அப்படிச் சொல்வதில்லை. நெல் போகுமா போகாதா என்று அவளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்குக் கொட்ட அவள் இருக்கிறாள். அவள் யாரிடம் கொட்டுவாள்? அப்பாவிடம் போகலாம் என்றால் அந்த வழியையும் அடைத்துவிட்டீர்கள். வீட்டுக்காரர் பேசுவதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள், சரி. சங்கிலியைப் பற்றி நீங்களும்தான் அவரிடம் பேசவில்லை.

மகளை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்; எல்லா வயிற்று வலியும் மனசால் வருவதில்லை. அடகு விஷயத்தை இந்த வாரமே, அவள் இல்லாத நேரமாகப் பார்த்து, வீட்டுக்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், படட்டும். அப்புறம் அவளிடம் “அப்பாகிட்ட சொல்லிட்டேன், இனி நீ அதை நினைக்காதே” என்றால் போதும், கதை முழுக்க வேண்டாம். ராத்திரி மனசு தாங்காமல் போனால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்ற அரசாங்க மனநலச் சேவை; எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அவளை எழுப்பாதீர்கள்.