சொண்டோரத்தில் ரவை போல மஞ்சள் புள்ளிகள்

கேள்வி: மகனுக்கு 11 வயது. மேல்சொண்டின் ஓரத்தில் ரவை தூவினது போல வெளிர்மஞ்சள் புள்ளிகள். நோவோ கடியோ இல்லை. குடல்புழு என்று பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. தேசிக்காய்ப் புளி பூசினேன், சொண்டு எரிந்ததுதான் மிச்சம். தங்கைக்கும் தொற்றுமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: தொற்றாது. புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இவை எண்ணெய்ச் சுரப்பிகள். மற்ற இடங்களில் மயிர்க்காலோடு ஒட்டித் தோலுக்குள் மறைந்திருக்கும். சொண்டில் மயிரும் இல்லை, தோலும் மெல்லிசு. அதனால் மஞ்சளாகவே தெரிகின்றன. அமெரிக்கத் தோல் வைத்தியர் ஃபோர்டைஸ் 1896இல் இவற்றை விவரித்ததால் 'ஃபோர்டைஸ் புள்ளி' என்பார்கள். பிறவியிலேயே இருப்பவை, பருவ வயதை நெருங்கும்போது ஹோர்மோனால் பருக்கின்றன. பெரியவர்களில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு உண்டு. கண்ணாடியில் உங்கள் சொண்டையும் ஒருதரம் பாருங்கள்.

பகல் வெளிச்சத்தில், கழுவிய விரலால் சொண்டை இழுத்துப் பிடியுங்கள். 1 முதல் 3 மி.மீ. புள்ளிகள் இழுக்கும்போது துலக்கமாகும், விட்டால் மங்கும். ஈரத்துணியால் துடைத்தாலும் போகாது. வாய்க்குள் வெள்ளைப் படை துடைக்க உரிந்து அடியில் சிவந்திருந்தால் அது பூஞ்சை. கூட்டமாக நீர்க்கொப்புளம், எரிவு என்றால் ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்று. காய்ச்சல், இருமல், கண்சிவப்போடு கடைவாய்ப்பல்லுக்கு நேரே உட்கன்னத்தில் வெள்ளைப் பொட்டுகள் வந்தால் சின்னமுத்தாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிதுக்கினால் கொஞ்சம் வெண்பசை வரும், சுரப்பி இருந்த இடத்திலேயே இருக்கும்; மிஞ்சுவது தழும்பும் கிருமித் தொற்றும். தேசிக்காய்ப் புளியோடு பிள்ளை கடற்கரை வெயிலில் விளையாடினால் தோல் வெந்து, கருமை மாதக்கணக்கில் நிற்கும். பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொய்ட் கிறீம் இன்னும் மோசம்: தோல் மெலியும், வாயைச் சுற்றிச் சிவந்த பருக்கள் கிளம்பும். லேசர் சிகிச்சை இருக்கிறது, ஆனால் அது அழகுக்காகப் பெரியவர்கள் தேடுவது. பிள்ளைக்கு ஒன்றுமே பூச வேண்டாம்.

கேள்வி: பிறந்து 10 நாளான குழந்தையின் மூக்கு நுனியில் மஞ்சள் பொடிப்பொடியாக இருக்கிறது. எண்ணெய் தேய்க்கலாமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: வேண்டாம். தாயிடமிருந்து வந்த ஹோர்மோனால் பருத்த அதே சுரப்பிகள்தான். சில கிழமைகளில் தானாக அடங்கும். குளிக்க வார்க்கும்போது அந்த இடத்தை அழுத்தித் தேய்க்காமல் விட்டாலே போதும்.