தற்காலிகப் பணியாளர், நிரந்தரப் பணியாளர்: யாருக்குப் பணிச்சோர்வு அதிகம்? அதனால் வேலை கெடுமா?

இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஆறு பருவம் பருவகாலப் பட்டியல் எழுத்தர். ஊர்ப் பேச்சில் பில் கிளார்க். இப்போது வேறோர் அலுவலகத்தில் நிரந்தர வேலை.

தையில் சம்பா அறுப்பு தொடங்கினால் பங்குனி வரை களத்தை விட்டு நகர முடியாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, தூற்றி, 40 கிலோ மூட்டையாக, அதாவது சிப்பமாகப் பிடிக்க வேண்டும். லாரி வராவிட்டால் சிப்பங்களை அடுக்கிய அட்டி வெட்டவெளியில் நிற்கும். 17 சதவீத ஈரத்தில் பிடித்த சிப்பம் 15 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ போய்விடும். ஆயிரம் சிப்பத்துக்கு ஒரு டன் அளவு. அந்தக் குறைவுக்கு நான் பதில் சொல்ல வேண்டி வருமோ என்று இரவெல்லாம் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். மழை மேகம் கண்டால் தார்ப்பாயைத் தேடி ஓடுவேன்.

ஆனாலும் என் வேலையில் ஒரு குறை காட்ட முடியாது. காய்ச்சலோடும் போனேன். அடுத்த குறுவைப் பருவத்துக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம். நிலையம் மூடிய மறுநாள் படுத்தால் பத்து நாள் எழ மாட்டேன். கண்ணு பட்டிருக்கும் என்று அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார்.

இப்போது பக்கத்து மேசையில் இருக்கும் அண்ணன் ஒரு காலத்தில் மனு கொண்டுவருபவர்களை உட்காரவைத்து, தானே எழுதிக் கொடுத்தவராம். ஆள் குறைந்து மூன்று பேர் வேலை அவர் தலையில் விழுந்தபின், நிமிராமலே "அங்க வச்சிட்டுப் போங்க" என்கிறார். சோம்பேறி என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கவே வலிக்கிறது.

2019இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோயாக அல்லாமல் வேலை சார்ந்த நிலையாக வகைப்படுத்தியது. சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செயல்திறன் குறைவது என்று மூன்று கூறுகள். அண்ணனிடம் மூன்றும் வெளியே தெரிகின்றன. என்னிடம் முதலாவது மட்டும் இருந்தது, அதுவும் வீட்டுக்குள். முடித்த வேலையை வைத்து யாருக்குச் சோர்வு அதிகம் என்று அளந்தால் தற்காலிகப் பணியாளர் எப்போதும் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும்.

ஐந்தாவது பருவத்தில், மாசியிலேயே மேலதிகாரி ஒருவர் "குறுவைக்கும் நீதான் தம்பி" என்றார். அந்த வாரம்தான் முதல் முறையாகக் காய்ச்சலுக்கு இரண்டு நாள் லீவு கேட்டேன்.