மூன்று சர்வர் கிளஸ்டரில் டேட்டாபேஸ்: நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

வண்ணார்பேட்டையில் ஓர் அலுவலகத்துக்கு மூன்று சர்வர்களின் டிஸ்குகளையும் ஒரே சேமிப்பிடமாக இணைத்து, எதையும் மூன்று காப்பியாக வைக்கும் செஃப் (Ceph) கிளஸ்டர் அமைத்து, அதன்மேல் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸை ஏற்றிக் கொடுத்தேன் என்று சொன்னதில் இருந்து நிறைய பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டை, மருத்துவமனை மென்பொருள் பார்ப்பவர்: அண்ணாச்சி, எங்ககிட்டயும் மூணு சர்வர், ஒவ்வொண்ணுலயும் நாலு எஸ்எஸ்டி. ஃபைல் காப்பி பண்ணினா பறக்குது, பில் போட்டா மட்டும் போஸ்ட்கிரெஸ் திணறுது. என்ன காரணம்?

தம்பி, காப்பி பண்ணுவதும் பில் போடுவதும் ஒரே மாதிரி வேலை இல்லை. காப்பியில் பெரிய பெரிய துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, யாரும் யாருக்காகவும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பில்லைச் சேமிக்கும்போது போஸ்ட்கிரெஸ், மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் தன் வால் (WAL) பதிவில் சின்னதாக ஒன்றை எழுதி, டிஸ்கில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் (fsync) கட்டளையைக் கூப்பிட்டு, "டிஸ்கில் விழுந்துவிட்டதா" என்று கேட்டுவிட்டுக் காத்து நிற்கும், பதில் வந்தால்தான் காமிட், அதாவது பில் சேமிப்பு உறுதி. செஃபில் அந்தப் பதில் லேசில் வராது. எழுத்து முதலில் பிரைமரி ஓஎஸ்டிக்கு (ஒரு டிஸ்கைக் கவனிக்கும் செஃப் புரோகிராம்தான் ஓஎஸ்டி, முதல் காப்பியை வைத்திருப்பது பிரைமரி) போய், அங்கிருந்து நெட்வொர்க் வழியாக மற்ற இரண்டு காப்பிகளுக்கும் போய், மூன்று இடத்திலும் எழுதி முடித்த பிறகுதான் "சரி" என்று திரும்பி வரும். மூன்றில் எந்த டிஸ்க் மெதுவோ அதுதான் உங்கள் வேகம். ஒரு காமிட்டுக்கு 1 மில்லிசெகண்ட் ஆனால் ஒரு கனெக்‌ஷன் செகண்டுக்கு 1000 காமிட் போடலாம், 5 மில்லிசெகண்ட் ஆனால் 200தான். நெட்வொர்க்கில் எத்தனை ஜிபி கொட்டினாலும் இந்தக் காத்திருப்பு அப்படியேதான் இருக்கும்.

அடுத்து அந்த எஸ்எஸ்டி என்ன வகை என்று பாருங்கள். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்க உள்ளேயே கெப்பாசிட்டர் வைத்த சர்வர் ரகமா, இல்லை லேப்டாப்புக்கு வாங்கும் ரகமா? லேப்டாப் ரகம் ஒவ்வொரு எஃப்சிங்க்குக்கும் உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகமான கேஷைக் (cache) காலி செய்தாக வேண்டும், அதனால் செகண்டுக்குச் சில நூறு எழுத்திலேயே மூச்சு வாங்கும். பெட்டியில் போட்டிருக்கும் எம்பி கணக்கு இதைக் காட்டாது. போஸ்ட்கிரெஸுடனேயே வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் கருவியை முதலில் சர்வரின் சொந்த டிஸ்கில் ஓட்டுங்கள், அப்புறம் செஃப் வால்யூமில் ஓட்டுங்கள், இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

தென்காசி, படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்தவர்: எஃப்சிங்க்கை ஆஃப் பண்ணினேன் அண்ணே, செம வேகம். அப்படியே விட்டுரலாமா?

கூடாது. கரண்ட் போனால் டேட்டாபேஸே கெட்டு எழுந்திருக்காமல் போகலாம். வேகம் வேண்டுமென்றால், டிஸ்கில் விழும்வரை காமிட்டைக் காத்திருக்க வைக்கும் சிங்க்ரனஸ்_காமிட் அமைப்பை மட்டும் ஆஃப் செய்யுங்கள். அப்போது கிராஷ் ஆனாலும் டேட்டாபேஸ் கெடாது, கடைசி அரை செகண்டு சொச்சத்தில் போட்ட காமிட்டுகள் மட்டும் போகலாம். வருகைப் பதிவுக்கு அது பரவாயில்லை, பணம் வாங்கும் இடத்தில் நான் அதையும் செய்ய மாட்டேன். ஆயிரம் வரியை ஆயிரம் காமிட்டாகப் போடாமல் ஒரே டிரான்சாக்‌ஷனில் போட்டுப் பாருங்கள், பாதி பிரச்சினை அதிலேயே தீரும்.

அம்பாசமுத்திரம், அரிசி ஆலைக் கணக்கு பார்ப்பவர்: ஒரே டேட்டா ஃபோல்டரை ரெண்டு சர்வரிலும் மவுண்ட் பண்ணி (இணைச்சு) வைச்சா, ஒண்ணு விழுந்ததும் இன்னொண்ணு ஓடாதா?

ஆரம்ப காலத்தில் நானே செய்த தப்பு இது. நெட்வொர்க் கொஞ்ச நேரம் அறுந்தது, முதல் சர்வர் செத்துவிட்டது என்று நினைத்து இரண்டாவதில் போஸ்ட்கிரெஸை ஏற்றிவிட்டேன், முதலாவது உயிரோடுதான் இருந்தது. இரண்டும் ஒரே ஃபைல்களில் எழுதி, இண்டெக்ஸ் எல்லாம் குலைந்து, முந்தின ராத்திரி பேக்கப்பில் இருந்து மீட்டோம், ஒரு நாள் வரவு முழுவதையும் ரசீதைப் பார்த்து மறுபடி அடித்தார்கள். அவர்கள் முகத்தை இன்னும் மறக்கவில்லை. ஓடும் போஸ்ட்கிரெஸின் புராசஸ் எண்ணைக் குறித்துவைக்கும் போஸ்ட்மாஸ்டர் பிஐடி (postmaster.pid) ஃபைல் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள், அது அந்த ஒரு மெஷினில் ஓடும் புராசஸைத்தான் பார்க்கும். பக்கத்து மெஷினில் அந்த எண்ணில் எதுவும் ஓடாததால் "பழைய ஃபைல்" என்று ஒதுக்கிவிட்டு ஏறிவிடும். எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 போன்ற ஃபைல் சிஸ்டம் எதையும் ஒரே நேரத்தில் இரண்டு சர்வரில் மவுண்ட் பண்ணவே கூடாது. இரண்டாவது ஏறும் முன் முதலாவதின் கரண்டையே பிடுங்கி, அது நின்றுவிட்டது என்று உறுதி செய்யும் ஏற்பாடு வேண்டும். அதைவிட, ஸ்டிரீமிங் ரெப்ளிகேஷனில், அதாவது முதல் சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கித் தன்னிடம் எழுதிக்கொள்ளும் தனி ஸ்டாண்ட்பை சர்வர் வைத்துக்கொள்வது நல்லது.

வள்ளியூர்: மூணு காப்பிக்குப் பதிலா ரெண்டு போதாதா?

போதாது. செஃபில் சைஸ் (மொத்தக் காப்பிகள்) 3, மின்சைஸ் (வேலை நடக்கக் குறைந்தது இருக்க வேண்டிய காப்பிகள்) 2, அதில் கை வைக்காதீர்கள். முழுக் காப்பிகளுக்குப் பதிலாகத் துண்டுகளும் மீட்புக் கணக்கும் வைக்கும் இரேஷர் கோடிங்கும் டேட்டாபேஸுக்கு வேண்டாம், 8 கேபி மாற்றுவதற்குக்கூடப் பழையதைப் படித்து, கணக்கிட்டு, திரும்ப எழுதும். பேக்கப் வைக்கிற இடத்துக்கு அது சரி.

அவரே: எவ்வளவு நிரப்பலாம்?

உங்களுக்கும் மூன்று சர்வர், நாலு நாலு டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 சதவீதம் நிரப்பியிருக்கிறீர்கள், ஒரு டிஸ்க் போகிறது. சர்வருக்கு ஒரு காப்பி என்ற கணக்கில், அந்த டிஸ்கின் சுமையை அதே சர்வரின் மற்ற மூன்றும் தூக்க வேண்டும், 93 சதவீதம் ஆகிவிடும். 85இல் எச்சரிக்கை வரும், 90இல் மீட்பு நின்றுவிடும், 95இல் எழுதுவதே நின்றுவிடும். 60க்கு மேல் போக விடாதீர்கள்.

மேலப்பாளையம், ஜவுளிக்கடை வைத்திருப்பவர்: மூணு காப்பி இருக்கும்போது பேக்கப் எதுக்கு அண்ணாச்சி?

எந்த வரி என்று சொல்லும் WHERE போடாமல் DELETE அடித்தால் மூன்று காப்பியிலும் ஒரே நொடியில் அழியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்கள்தானே நாம், ஒரே அறையில் இருக்கும் மூன்று சர்வரும் ஒன்றாகத்தான் நனையும். பேஸ் பேக்கப்பும் (முழு நகல்) வால் ஆர்க்கைவும் (அதன்பின் சேரும் வால் பதிவுகள்) வேறு ஊருக்குப் போக வேண்டும், மாதம் ஒருமுறை அதை எடுத்து ஏற்றியும் பார்க்க வேண்டும். அப்புறம், ஒரு கடைக்கு இந்தக் கிளஸ்டரே தேவையில்லை. நல்ல எஸ்எஸ்டி போட்ட ஒரு சர்வர், ஒரு ஸ்டாண்ட்பை, வெளியூரில் பேக்கப், இவ்வளவு போதும். செலவும் குறைவு, வேகமும் அதிகம்.

பாளையங்கோட்டைத் தம்பி மறுபடியும்: எஸ்எஸ்டி மாத்தியாச்சு. லைவ் போறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

வேறொரு கம்ப்யூட்டரில் இருந்து வரிசை எண் போட்டு விடாமல் பில் சேமிக்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள், காமிட் ஆன ஒவ்வொரு எண்ணையும் அது தன் பக்கம் குறித்துக்கொள்ளட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்குங்கள், இன்னொரு தடவை மூன்றையும் சேர்த்துப் பிடுங்குங்கள். திரும்ப ஏறியதும், குறித்த எண் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றே ஒன்று குறைந்தாலும் லைவ் போக வேண்டாம், எந்த டிஸ்க் எழுதாமலே எழுதிவிட்டேன் என்றது என்று கண்டுபிடித்த பிறகு எனக்குச் சொல்லுங்கள்.