பழைய டிராக்டரின் பிரேக்கும் ஹைட்ராலிக்கும்: எந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது?

கேள்வி: ஆரணி வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடுகிறோம். எங்களிடம் இருக்கும் மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர், ஷூ வகை பிரேக் உள்ள பழைய வண்டி. வாங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. கல்டிவேட்டர் கலப்பையைத் தூக்க, எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ராலிக் தடுமாறுகிறது. தூக்கி வைத்து என்ஜினை நிறுத்தினால் சில நிமிடங்களில் கலப்பை தரைக்கு வந்துவிடுகிறது. ஊரில் உள்ள மெக்கானிக் என்ஜின் வேலை மட்டுமே செய்கிறார். நகரத்துப் பட்டறை ஒன்றில் விசாரித்தபோது, வண்டியைப் பார்க்காமலேயே பம்ப், சிலிண்டர், பிரேக் அனைத்தையும் புதிதாக மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்கிறார்கள். சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: வண்டியைப் பார்க்காமல் விலை சொன்ன பட்டறையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளுக்கும் பல காரணங்கள் இருக்க முடியும். அவற்றுள் சில, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஒரு ஆயில் சீலையும், ஓ-ரிங் எனப்படும் சில ரப்பர் வளையங்களையும் மாற்றினாலே தீர்ந்துவிடக் கூடியவை. எந்தக் காரணம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டிய மெக்கானிக். அவரை அடையாளம் காண, வண்டியின் பின்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் டிராக்டரின் ஹைட்ராலிக், அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் வகுத்த அமைப்பின் வழியில் வந்தது. பம்ப் வெளியே தெரியாது. பின்பக்கக் கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கியபடி இருக்கும். கியர்களுக்கு வழுவழுப்புத் தரும் எண்ணெயையே அந்தப் பம்பும் உறிஞ்சி, இருக்கைக்குக் கீழே உள்ள லிஃப்ட் சிலிண்டருக்கு அனுப்புகிறது. இரு பக்க அச்சுகளின் முனையில் உள்ள சீல் தேய்ந்தால், இதே எண்ணெய் கசிந்து பிரேக் லைனிங்கில், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டையில், படியும். எண்ணெய் படிந்த லைனிங் பிடிக்காது. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றால், இடப்பக்கம் பிடிக்கிறது, வலப்பக்கம் பிடிக்கவில்லை என்று பொருள். ஆகவே, முதலில் வலப்பக்கப் பின்சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் கைகளைக் கீழே இறக்கிவிட்டு, அளவுக் குச்சியை எடுத்து எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். அங்கே ஈரமும் இங்கே குறைவும் இருந்தால், பிரேக் பிடிக்காததற்கும் லிஃப்ட் தடுமாறுவதற்கும் ஒரே கசிவு காரணமாக இருக்கலாம். மட்டம் குறைந்தால் பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். அப்போது லிஃப்ட் விட்டுவிட்டு ஏறும், எண்ணெய் நுரைக்கும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்றுழவு செய்யும் வண்டிகளில் இது அடிக்கடி நேர்வது. அப்படியானால் முழுவதையும் வடித்து, வடிகட்டியைச் சுத்தம் செய்து, கையேட்டில் குறிப்பிட்ட தரத்து எண்ணெயை ஊற்றிய பிறகே மற்றவற்றைச் சோதிக்க வேண்டும்.

ஈரம் எதுவும் இல்லை என்றால், தேய்மானத்தை நினைக்க வேண்டியிருக்கும். நெல் வயலில் திரும்பும்போது ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் மிதித்துத் திருப்புவது வழக்கம். எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பிப் பழகிய வண்டியில் அந்தப் பக்கத்து லைனிங் முன்னதாகத் தேய்ந்துவிடும். சேறும் தண்ணீரும் டிரம்முக்குள் புகுந்திருந்தால் தேய்மானம் இன்னும் விரைவாக நடக்கும். எந்தக் காரணமானாலும் லைனிங்கை இரு பக்கமும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் வண்டி மறுபடியும் இழுக்கும். டிரம்மில் வரி விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்து சமப்படுத்த முடியுமா, அல்லது மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எண்ணெய் கசிந்திருந்தால், ஆயில் சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றுவது பணத்தை வீணாக்குவதாகும்.

என்ஜினை நிறுத்தியதும் கலப்பை இறங்குவது தனிக் கோளாறு. தூக்கி வைத்த எண்ணெய் எங்கோ வழியாகத் திரும்பிப் போகிறது: சிலிண்டர் பிஸ்டனின் வளையம் வழியாக, பம்பிலிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாய் முனை ஓ-ரிங் வழியாக, அல்லது கட்டுப்பாட்டு வால்வு வழியாக. இவற்றுள் முதல் இரண்டுக்குப் புதிய பம்ப் தேவையே இல்லை. தூக்கிய நிலையில் என்ஜின் ஓடும்போது லிஃப்ட் கைகள் மெல்ல இறங்கி மறுபடி துள்ளி ஏறிக்கொண்டே இருந்தாலும் இதே உட்கசிவைத்தான் சந்தேகிக்க வேண்டும். பம்பின் நிலையை அறிய, கேஜ் எனப்படும் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கும் வழி இருக்கிறது. கையேட்டில் உள்ள அழுத்தம் கிடைக்கிறது என்றால், பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது. குறையை வேறிடத்தில் தேட வேண்டும். எனவே மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “அழுத்தம் அளந்து பார்ப்பீர்களா?” என்பதே. கேஜ் வைத்திருப்பவர், அல்லது அதை எங்கிருந்தாவது வாங்கி வந்து அளக்கத் தயாராக இருப்பவர், ஊகத்தில் பாகங்களை மாற்றுகிறவர் அல்லர். கேள்வியைக் கேட்டதுமே எரிச்சலடைகிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.

இனி ஆளைத் தேடும் வழிக்கு வருகிறேன். பிரேக் வேலையில் நல்லவர் யார் என்பதைக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுநர்களைவிட நன்றாக யாரும் சொல்ல மாட்டார்கள். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு சாலையில் போகிறவர்களுக்கு பிரேக் உயிர்ப் பிரச்சினை. உங்கள் பக்கத்தில் செய்யாறு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டு போகிறவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் விசாரியுங்கள். ஹைட்ராலிக்குக்கு, ரோட்டவேட்டரை வாடகைக்கு ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். அந்தக் கனத்தை நாள் முழுவதும் தூக்கி இறக்குகிறவர்களுக்கு லிஃப்ட்டின் நிலை நன்றாகத் தெரியும். மூன்றாவதாக, டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர். “இந்த மாடலுக்கு லிஃப்ட் ஓ-ரிங் செட் வாங்க வருகிற மெக்கானிக் யார்?” என்று கேளுங்கள். சிறு பாகங்களைக் கேட்டு வாங்குகிறவர் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்குகிறவர். முழுப் பம்பையே வாங்கிப் போகிறவரின் வழி வேறு. கம்பெனிப் பட்டறைகளில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள் நம் சிறு நகரங்களில் இருக்கிறார்கள். புதிய மாடல்களை மட்டுமே பார்த்த இளைஞரைவிட, உங்கள் வண்டிக்கு அத்தகையவரே பொருத்தமானவர் என்பது என் கருத்து. பிரேக்குக்கு ஒருவர், ஹைட்ராலிக்குக்கு இன்னொருவர் என்று ஆனாலும் தவறில்லை. ஆனால் சீல் மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்; இல்லாவிட்டால் பிற்பாடு கசிவு வந்தால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

பேசி முடிக்கும்போது, சோதனைக்கு ஒரு கூலி, பழுதுக்கு ஒரு கூலி என்று பிரித்துக்கொள்வது நல்லது. பிரித்துப் பார்த்த பின் என்னென்ன மாற்ற வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். உதிரிபாகங்களை முடிந்தவரை நீங்களே, பாக எண் குறிப்பிட்ட ரசீதோடு வாங்குங்கள். பிரேக் லைனிங்கிலும் சீலிலும் போலிகள் மலிந்திருப்பதால், விலைக் குறைவுக்காக இந்த இரண்டிலும் சமரசம் செய்ய வேண்டாம். கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் திருப்பிக் கேளுங்கள். கடைசித் தவணையை, உங்கள் சொந்தக் கல்டிவேட்டரை மாட்டி, எண்ணெய் நன்றாகச் சூடேறும் வரை உழுது பார்த்த பிறகு கொடுங்கள்; குளிர்ந்த எண்ணெயில் நன்றாகத் தூக்கும் லிஃப்ட், எண்ணெய் சூடாகி இளகியதும் தளர்வது உண்டு. பிரேக்கை, இரு பெடல்களையும் இணைக்கும் கொக்கியை மாட்டி, வெற்று வண்டியாக, ஆளில்லாத சமதரையில் மெதுவான வேகத்தில் சோதியுங்கள்.

காலமும் முக்கியம். ஆடி பிறந்து உழவு தொடங்கிவிட்டால் கைதேர்ந்தவர்கள் எவருக்கும் நேரம் இருக்காது. அவசரத்தில் செய்த வேலை அரைகுறையாகவே முடியும். பங்குனி, சித்திரையில் வண்டியைப் பிரிப்பது எல்லா வகையிலும் நல்லது. இடையில் உழவு வேலை வந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையிடமிருந்து டிராக்டரை வாடகைக்குப் பெறலாம். பழுது நீங்கும் வரை உங்கள் வண்டியில் டிரெய்லர் மாட்டவே மாட்டாதீர்கள். தானாக இறங்கும் லிஃப்ட்டுக்குக் கீழே, முட்டுக் கொடுக்காமல் யாரும் குனியவும் கூடாது. வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: மெக்கானிக் ஒருவர் என் டிராக்டருக்குப் புதிய ஹைட்ராலிக் பம்ப் போட்டார். ஒரு மாதத்தில் பழைய கோளாறு திரும்பிவிட்டது. மறுபடி பார்க்கக் கூலி கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வேறு யாரும் வண்டியைப் பிரிப்பதற்கு முன், கோளாறை வீடியோவாக எடுத்து வையுங்கள். இன்னொரு மெக்கானிக்கிடம் சோதித்து, குறை எங்கே என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். பிறகு முதலாமவருக்கு, இத்தனை நாளுக்குள் கூலியின்றிச் சரிசெய்யவோ பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலான விவகாரங்கள் இந்தக் கடிதத்தோடு பேச்சுவார்த்தைக்கு வந்துவிடும்.

வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அடுத்த படி, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவது. குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிட வாய்ப்புண்டு. ஆகவே, சொந்த நிலத்தை உழுவதற்கும் சொந்தப் பிழைப்புக்குமே டிராக்டர் பயன்படுகிறது என்பதைப் புகாரிலேயே தெளிவாக எழுதி, நில ஆவணத்தின் நகலை இணையுங்கள். பம்ப் வாங்கிய ரசீது கடைக்காரர் பெயரில் இருந்தால் அவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். பாகம் குறையா, வேலை குறையா என்பதை அவர்கள் இருவரும் ஆணையத்தின் முன் விளக்க வேண்டியிருக்கும். ரசீதே இல்லை என்றால், கைபேசி வழியே பணம் அனுப்பிய பதிவும், இருவருக்கும் இடையே நடந்த குறுஞ்செய்திகளும் சான்றாக உதவும், அவற்றை அழித்துவிடாதீர்கள்.