போர்ட் தயார், புரோகிராமர்தான் இணையவில்லை: கேள்வி பதில்

சொந்தமாக வடிவமைத்த மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு கணினிச் சிப்) போர்ட், புரோகிராமரோடு (கணினியிலிருந்து சிப்புக்குப் புரோகிராமை ஏற்றும் கருவி) இணைய மறுக்கிறது என்று கொழும்பிலிருந்து பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை, மாணவி): அண்ணா, இறுதியாண்டு புரொஜெக்ட்டுக்காக 64 கால் எஸ்டிஎம்32எஃப்405 சிப் வைத்து போர்ட் செய்தேன். ரெகுலேற்றரில் 3.3 வோல்ட் சரியாக வருகிறது. ஆனால் எஸ்டி-லிங்க் புரோகிராமர் சிப்பைக் காணவில்லை என்கிறது. சிப் பழுதா? மாற்றிப் பார்க்கவா?

பதில்: சிப்பைக் கழற்றாதீர்கள் தங்கச்சி. புதுச் சிப் பழுதாக இருப்பது மிக அரிது. இந்த வகையில் நான் முதலில் பார்ப்பது விகேப் கால்களைத்தான் (சிப்பின் உள் மின்னழுத்தத்துக்குக் கப்பாசிற்றர் போடும் கால்கள்), அதாவது 31ஆம், 47ஆம் கால்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 2.2 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் இருக்க வேண்டும். கரண்ட் கொடுத்ததும் அங்கே ஏறக்குறைய 1.2 வோல்ட் வரும். வராவிட்டால் சிப்பின் உட்பகுதி இயங்கவே இல்லை. அந்தக் கால்களை 3.3 வோல்ட்டோடு இணைத்திருந்தால் மட்டும் சிப் கெட்டிருக்கலாம் என்று நினையுங்கள்.

அடுத்து 13ஆம் கால், விடிடிஏ, அதாவது அனலொக் பகுதிக்கான மின்சாரக் கால். ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) பயன்படுத்தாவிட்டாலும் அதற்கு மின்சாரம் கொடுத்தே ஆக வேண்டும். 7ஆம் கால் ரீசெட். சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட் காட்ட வேண்டும். பூச்சியம் என்றால் பக்கத்திலுள்ள கப்பாசிற்றரோ பட்டனோ ஷோர்ட் ஆகியிருக்கலாம்.

அளக்கும் விதமும் முக்கியம். ரெகுலேற்றரில் 3.3 இருப்பது சிப்புக்கு அது போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி ஆகாது. மல்ரிமீற்றர் முனையைக் காலின் நுனியில் வைத்து அழுத்தினால், ஈயம் பிடிக்காத கால்கூட பேட்டில் (போர்ட்டில் கால் ஒட்ட வேண்டிய செப்புத் தளம்) போய் முட்டி, எல்லாம் சரி என்று காட்டும். காலின் மேல் வளைவில் மெல்லத் தொட்டு அளந்து பாருங்கள். அப்புறம், அசல் எஸ்டி-லிங்க் வி2 போர்ட்டுக்கு மின்சாரம் தராது. போர்ட்டின் 3.3 வோல்ட்டை அதன் முதலாம் பின்னுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா என்று ஒருக்கா வடிவாகப் பாருங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): எஸ்டிஎம்32எஃப்103 போர்ட். முதல்முறை புரோகிராம் நன்றாக ஏறியது. இரண்டாம் முறையிலிருந்து இணைவதே இல்லை.

பதில்: முதல்முறை ஏறியதென்றால் வயரிங்கில் பெரும்பாலும் பிழை இல்லை தம்பி. கியூப்எம்எக்ஸில் (எஸ்டிஎம்32 சிப்பின் கால்களையும் அமைப்புகளையும் தெரிவு செய்யும் மென்பொருள்) டீபக் பகுதியில், அதாவது புரோகிராமர் சிப்போடு பேசும் வழிக்கான பகுதியில், 'சீரியல் வயர்' தெரிவு செய்யாமல் விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால், உங்கள் புரோகிராம் ஓடத் தொடங்கியதுமே பிஏ13, பிஏ14 கால்களின் டீபக் வேலையை நிறுத்திவிடும். சிப் எங்கிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பூட்0 காலை 3.3 வோல்ட்டில் பிடித்து ரீசெட் கொடுங்கள். உங்கள் புரோகிராம் ஓடாது, இணைந்துவிடும். முழுவதையும் அழித்துவிட்டு, திருத்தியதை ஏற்றுங்கள். ரீசெட் வயர் இருந்தால் 'கனெக்ட் அண்டர் ரீசெட்' (சிப்பை ரீசெட்டில் வைத்தபடியே இணைதல்) முறையும் சரிவரும். ஆனால் மலிவான யூஎஸ்பி குச்சி வகைப் புரோகிராமர்கள் பலவற்றில் எஸ்டிஎம்32க்கு அந்த ரீசெட் பின் வேலை செய்வதில்லை. அப்போது ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்து, கனெக்ட் கொடுத்தவுடன் விடுங்கள். சில தடவை முயல வேண்டிவரும், கைவிடாதீர்கள்.

கேள்வி (தெஹிவளை): புது ஏடிமெகா328பி, யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர். போர்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் இருக்கிறது. 'டார்கெட் பதில் தரவில்லை' என்றே வருகிறது.

பதில்: கிறிஸ்டல் இருந்தாலும் புதுச் சிப் அதைப் பயன்படுத்தாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். புரோகிராமரின் கடிகாரம் அதில் நாலில் ஒரு பங்குக்கும், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்கும், குறைவாக இருக்க வேண்டும். புரோகிராமை ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூட்டில் வேகத்தைக் குறையுங்கள், அல்லது புரோகிராமரில் 'ஸ்லோ' ஜம்பர் இருந்தால் போடுங்கள். இன்னொன்று: சீரியல் இணைப்பில் அனுப்பும் வயரை மறுபக்கத்தின் வாங்கும் வயரோடு போடும் பழக்கத்தில், மோசி, மிசோ என்ற இரண்டு தரவு வயர்களையும் குறுக்காக மாற்றிப் போடுகிறார்கள். இங்கே மோசி மோசிக்கே, மிசோ மிசோவுக்கே.

கேள்வி (மொறட்டுவை): ஈஎஸ்பி32 மொட்யூல் வைத்த போர்ட், 'டைம்ட் அவுட்' என்கிறது சேர்.

பதில்: ரீசெட் விடுபடும் நேரத்தில் ஜிபிஐஓ0 கால் கிரவுண்டில் இருக்க வேண்டும். மொட்யூலை இயக்கும் ஈஎன் காலுக்கு 10 கிலோஓம் புல்-அப் (காலை 3.3 வோல்ட்டோடு இணைக்கும் ரெசிஸ்ரர்) போட்டீர்களா பாருங்கள். இங்கே டிஎக்ஸ் (அனுப்பும் வயர்), ஆர்எக்ஸ் (வாங்கும் வயர்) குறுக்காகத்தான் போக வேண்டும்.

கேள்வி (கொழும்பு 13): புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் வேறு புரோகிராமர் வாங்கினால் தீருமா?

பதில்: முதலில் உங்களிடம் உள்ளதை, வேலை செய்வது நிச்சயமான ஒரு போர்ட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே இணைந்தால் காசு மிச்சம். நீள ஜம்பர் வயர்களை 10 சென்ரிமீற்றருக்குள் குறைத்து, எஸ்டி-லிங்க் வேகத்தையும் 4 மெகாஹெர்ட்ஸிலிருந்து நன்றாக இறக்குங்கள். கடைக்குப் போவதென்றால், கழன்று விழாத நல்ல கனெக்டர் ஒன்றும் மெல்லிய முனையுள்ள மீற்றர் வயரும் வாங்கி வாருங்கள். அடுத்த போர்ட் வரையும்போது 3.3 வோல்ட், கிரவுண்ட், ரீசெட், இரண்டு டீபக் கோடுகள் ஆகிய ஐந்துக்கும் பேட் வைத்து, பக்கத்திலேயே பெயரையும் அச்சிட்டுவிடுங்கள்.